கிள்ளி

என் இடுப்புக்கு மேலே, முதுகுப் பக்கமாக, புறத்துக்கு ஒரு கிள்ளி இருக்கிறது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் சிறுநீரக உணர்த்தி. அது யார் வாயிலும் நுழையவில்லை. கடுகைவிடச் சற்றே பெரிய பொருள், உள்ளே உட்கார்ந்துகொண்டு வேளை கெட்ட வேளையில் கிள்ளுகிறது. ஊர் அதற்குக் கிள்ளி என்று பெயர் வைத்துவிட்டது. மதுரையில் இப்போது தெருவுக்கு நாலு பேர் உடம்பில் கிள்ளி இருக்கிறது.

என் பெயர் பஞ்சவர்ணம். விளக்குத்தூண் பக்கம் ஓர் ஏழு மாடி ஜவுளிக்கடையில், மூன்றாவது மாடிப் பட்டுப் பிரிவில் நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்று சொல்லாமல் நிற்கிறேன் என்று சொல்லக் காரணம் உண்டு. புடவையை உடுத்திக் காட்ட ஆளுயரத் திரைகள் வந்துவிட்டன. வாடிக்கையாளர் எதிரே போனால் போதும், கேட்ட புடவையைக் கட்டிக்கொண்டு அவரே திரைக்குள் தெரிவார். இருந்தாலும் ஒரு மனுஷி பட்டைப் பிரித்துத் தோளில் போட்டுக் காட்டினால்தான் வியாபாரம் படிகிறது என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. ஆகவே ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்குகிற வரை நாங்கள் நிற்கிறோம். திரைகளுக்கு மட்டும் மதியம் ஓய்வு உண்டு, சூடாகிவிடுமாம்.

எனக்குச் சர்க்கரை வந்து எட்டு வருடமாகிறது. என் அக்கா பேச்சியம்மாளுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே வந்தது. அக்கா இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் போய்ப் படுக்கிறாள். ஊசி குத்திக் குத்தி அவள் இடது கை நரம்பு கயிறாகப் புடைத்திருக்கிறது. அவளுக்குக் கோபமெல்லாம் சர்க்கரை மீதில்லை, சிறுநீரகத்தின் மீதுதான்.

“ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வலிச்சிருந்தா ஓடிப்போயி டாக்டரப் பாத்திருப்பேன்டி. பாவி கிட்னி, ஒரு வார்த்தை சொல்லாம செத்துப் போச்சு” என்பாள்.

அதனால்தான் டாக்டர் ஆபிதா என்னிடம் உணர்த்தியைப் பற்றிச் சொன்னபோது உடனே எழுந்து போய்விடாமல் கேட்டேன். ஆபிதா சிறுநீரக டாக்டர். அக்காவைப் பார்ப்பவர். என் மூத்திரத்தில் நுரை வருகிறது என்று சொன்னதும் பரிசோதித்து, புரதம் ஒழுகத் தொடங்கிவிட்டது என்று சொன்னவர்.

“பல்லு வலிச்சா விடியிறதுக்குள்ள வந்து கதவைத் தட்டுறீங்க. கிட்னியோட உள்சதைக்கு வலின்னா என்னன்னே தெரியாது. அது கெட்டுப்போறது உங்களுக்குத் தெரியுறப்போ எங்ககிட்ட செய்யறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது.”

“அதுக்கு இப்ப வலிக்கச் சொல்லிக் குடுக்கப் போறீங்களா?”

“ஆமா.”

“இருக்கிற வலி பத்தாதா டாக்டர்?”

ஆபிதா சிரித்தார். பிறகு இரண்டு கை விரல்களையும் ஒன்றோடொன்று கோத்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

“ஒரு கிட்னியில பத்து லட்சம் வடிகட்டி இருக்குன்னு வச்சுக்கங்க. ஒவ்வொண்ணும் சுருட்டி வச்ச பொடி ரத்தக்குழாய். அந்தக் குழாயை வெளியில இருந்து சில செல்லுங்க கட்டிப் பிடிச்சிருக்கு. அந்தச் செல்லுங்களுக்குக் கால் உண்டு. ஒண்ணோட காலு இன்னொண்ணோட காலுக்கு நடுவுல, இந்தா, இப்படி. இந்த இடுக்கு வழியாத் தண்ணி போகும், கழிவு போகும். புரதம் போக முடியாது.”

“இதுல சர்க்கரை எங்க வருது?”

“மத்த செல்லுங்கள்ல பலது கதவைச் சாத்தி வச்சிருக்கும். இன்சுலின் வந்து தட்டினாத்தான் சர்க்கரையை உள்ள விடும். இந்த ரத்தக்குழாயோட உள்பக்கத்துச் செல்லுக்குக் கதவைச் சாத்தத் தெரியாது. ரத்தத்துல ஓடுற சர்க்கரை தாராளமா உள்ள பூந்துரும். அடுப்புல அளவுக்கு மீறி விறகைத் திணிச்சா என்ன ஆகும்?”

“புகையும்.”

“அந்தப் புகைதான் செல்லை அரிக்குது. குழாயோட சுவர் தடிச்சுப் போகுது, ஆனா வடிகட்டுற குணம் போயிருது. குழாய்க்கு நடுவுல இருக்கிற செல்லுங்க வீங்கி, நார் மாதிரி எதையோ கொட்டி வழியை அடைக்குது. போதாததுக்கு உள்ள அழுத்தம் வேற ஏறுது. காலை ஊனிப் பிடிச்சிருந்த செல் என்ன செய்யும் பாவம்? காலை அகட்டி வச்சுப் பாக்கும். தட்டையாக்கிப் பாக்கும். ஒரு கட்டத்துல பிடி விட்டுப்போயி மூத்திரத்துல விழுந்துரும்.”

“வேற செல் வளராதா?”

“அநேகமா வளராது. பிறக்கும்போது என்ன இருந்துச்சோ அதுதான். ஒண்ணு விழுந்தா பக்கத்துல உள்ளது அந்த இடத்தையும் சேத்துப் பிடிக்கும். அதனாலயே அதுவும் சீக்கிரம் விழும்.”

இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் மாடியில் ஒருத்தி வேலையை விட்டால் பக்கத்துக் கவுண்டர்காரிதான் இரண்டையும் பார்க்க வேண்டும். புது ஆள் எடுக்க மாட்டார்கள்.

“அப்ப அதுங்களும் நின்னுக்கிட்டேதான் இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

“சாகுற வரைக்கும்” என்றார் டாக்டர். “அதுங்க தடுமாறுறப்போ உணர்த்தி உங்க முதுகு நரம்பைத் தொடும். உங்களுக்கு வலிக்கும். வலிச்சா நீங்க ஏதாவது செய்வீங்க. அவ்வளவுதான் இதுல இருக்கிற விஞ்ஞானம்.”

உணர்த்தியை வைத்துக்கொண்டேன். செலவைக் கடையின் ஊழியர் நலத் திட்டம் ஏற்றுக்கொண்டது. முதலாளி எனக்குப் பூங்கொத்து கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். அதை லிஃப்ட் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள்.

வலி எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: கதவிடுக்கில் விரல் நசுங்கினால் எப்படி இருக்குமோ அதை முதுகுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட மோசம் ஊர். கிள்ளி வந்த பிறகு மதுரையில் எல்லோரும் போலீஸ்காரர்களாகிவிட்டார்கள். கல்யாணப் பந்தியில் ஒருவர் இடுப்பைப் பிடித்தால் எதிர் வரிசையே திரும்பி அவர் இலையைப் பார்க்கும். பஸ்ஸில் ஒருத்தி முகம் சுளித்தால், “என்ன, அல்வாவா?” என்று கண்டக்டர் கேட்கிறார். வலி வந்தால் தப்பு செய்தவள் என்று அர்த்தம். தப்பென்றால் இனிப்பு. விசாரணை முடிந்தது.

நான் தப்பே செய்யவில்லை. சோற்றைப் பாதியாக்கினேன். காபியை விட்டேன். மாத்திரை ஒன்றைக்கூட விடவில்லை. அப்படியும் கடையில் மதியத்துக்கு மேல் கிள்ளி கிள்ளிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் ஒரு வாடிக்கையாளருக்கு முகூர்த்தப் புடவையை விரித்துக் காட்டும்போது என்னை அறியாமல் கவுண்டரைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் பரிவோடு, “வாயக் கட்டணும்மா” என்றார். அவர் தலையில் அந்தப் புடவையைக் கவிழ்த்துப் போட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. “சரிங்கம்மா” என்றேன். ஆத்திரத்தை விழுங்குவதும் எங்கள் வேலையில் சேர்ந்ததுதான்.

அடுத்த செவ்வாய் எனக்கு விடுப்பு. அக்காவின் மகள் ஜிகர்தண்டா வாங்கி வந்திருந்தாள். அக்காவுக்குத் தண்ணீரே அளந்துதான். அவள் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, மீதியை என் பக்கம் தள்ளினாள். வாயைக் கட்டிக் கட்டி என்ன கண்டேன் என்ற கோபத்தில் முழுக் கிளாஸையும் குடித்தேன். ஐஸ்கிரீம் உள்பட. குடித்துவிட்டு, வரட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கிள்ளிக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை. பொழுது சாயும் வரை அக்காவோடு கதை பேசிக்கொண்டு, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடந்தேன். எறும்பு கடித்த அளவுக்குக்கூட ஒன்றுமில்லை. மறுநாள் கடைக்குப் போனேன். மோரும் வரகரிசிக் கஞ்சியும்தான் மதியச் சாப்பாடு. மூன்று மணிக்கெல்லாம் கிள்ளியது.

டாக்டர் ஆபிதாவிடம் போய் ஜிகர்தண்டா உள்பட எல்லாவற்றையும் ஒப்பித்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“கடையில என்ன செய்வீங்க?”

“நிப்பேன்.”

“எப்ப தண்ணி குடிப்பீங்க?”

“குடிக்க மாட்டோம் டாக்டர்.”

“யாரு, நீங்களா?”

“எல்லாருந்தான். பாத்ரூம் கீழ்த்தளத்துல இருக்கு. லிஃப்டு கஸ்டமருக்கு மட்டுந்தான், நாங்க படியில இறங்கணும். அதுக்கும் எங்க மாடி மேனேஜர் குருபாதம் சார்ட்ட பாஸ் வாங்கணும். வாயில ஒரு கிராம்ப அடக்கிக்கிட்டா தாகம் தெரியாது. எனக்கு இன்னும் நல்லதுதானே? தாகம் எடுத்தா சுகரு ஏறுதுன்னு அர்த்தம். நான் தாகத்தையே கட்டுப்படுத்தி வச்சிருக்கேன்ல.”

ஆபிதா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“தாகம் நோய் இல்ல, பஞ்சவர்ணம். உள்ள இருந்து வர்ற தந்தி. நீங்க தந்தியக் கிழிச்சுப் போட்டுட்டு விஷயம் நடக்கலைன்னு நினைச்சுக்கிருக்கீங்க. தண்ணி இல்லைன்னா, இருக்கிறதைப் பிடிச்சு வைன்னு மூளை கிட்னிக்கு உத்தரவு போடும். மணிக்கணக்கா நின்னா ரத்தம் காலுக்கு இறங்கிரும். பத்தலைன்னு உடம்பு குழாயை எல்லாம் இறுக்கும். வடிகட்டியோட வெளிவாசலும் இறுகும். உள்ள அழுத்தம் ஏறும். ஏற்கெனவே சர்க்கரையில நொந்து போன செல்லுங்க அதைத் தாங்கணும்.”

“அப்ப எனக்குக் கிள்ளுறது நான் தின்னதுக்கு இல்ல?”

“சர்க்கரைதான் முதல் குற்றவாளி. அந்த ஜிகர்தண்டாவுக்கு நான் ஜாமீன் தர மாட்டேன். அதோட அடி மெதுவா விழும், அன்னிக்கே தெரியாது. ஆனா அவனுக்கு ஒரு கூட்டாளி இருக்கான். உங்க கடையில.” அவர் முகத்திலும் கோபம் இருந்தது. “நானே கேட்டிருக்கணும். என்ன சாப்பிட்டீங்கன்னு மட்டுமே கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். உட்காருங்க. தண்ணி குடிங்க. இதுதான் இப்போதைக்கு மருந்து. செஞ்சா இன்னும் பல வருஷம் இந்தக் கிட்னி ஓடும். இல்லைன்னா அக்கா படுக்கிற கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்.”

மறுநாள் குருபாதம் சாரிடம் போனேன். துணி மூட்டை தூக்குகிறவராகக் கடைக்கு வந்து, மேனேஜர் ஆனவர். கெட்ட மனுஷர் இல்லை. யார் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். நிற்பார் என்பதுதான் விஷயம், அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“சார், மணிக்கு ஒரு தடவை கொஞ்ச நேரம் உக்காரணும். தண்ணி குடிக்கணும். டாக்டர் சொல்லிட்டாங்க.”

“ஆடித் தள்ளுபடி நேரத்துலயா வர்ணம்? மூணாவது மாடிய பாத்தியா, எள்ளு போட்டா எள்ளு விழாது. நீ உக்காந்தா உன்னப் பாத்து எல்லாரும் உக்காருவாளுக. நானும் நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்?”

“உங்களுக்கு வலிக்கல சார்.”

அவர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, “வலிதானே பிரச்சினை? நான் ஏற்பாடு பண்றேன்” என்றார்.

அவர் சொன்ன ஏற்பாடு இரண்டு நாளில் வந்தது. நலத் திட்டத்து ஆள் ஒருவர், கையில் ஒரு சின்னக் கருவி. கிள்ளிக்கு அணைக்கிற வசதி உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அணைக்கிற சாவி உடம்புக்காரரிடம் இருக்காதாம். பணம் கட்டியவரிடம் இருக்குமாம்.

“முதலாளி ஓகே சொல்லிட்டாரு” என்றார் குருபாதம். “நிம்மதியா இருக்கும் வர்ணம். நாலு நாள்ல பழகிரும்.”

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த நேரம் கிள்ளி என்னை நசுக்கிக்கொண்டிருந்தது. வலியில் இருக்கிறவளிடம் வந்து கொள்கை பேசச் சொல்லாதீர்கள். அந்த ஆள் கருவியை முதுகுக்கு நேராகப் பிடித்தார். ஒரு சின்ன ஓசை. வலி நின்றுவிட்டது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அன்று மாலை வரை சிரித்துக்கொண்டே புடவை விற்றேன். குருபாதம் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் அன்றுதான் மெஷினுக்குப் போய் வந்து சோர்ந்து படுத்திருந்தாள்.

“வலி போயிருச்சா? அப்ப கிட்னி சரியாயிருச்சா?”

“இல்லக்கா. வலி மட்டுந்தான் போச்சு.”

அக்கா புடைத்த கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தாள்.

“எனக்கும் இப்பிடித்தான்டி இருந்துச்சு” என்றாள்.

அதற்குமேல் என்னால் அந்த இடத்தில் இருக்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய் நின்றேன். எனக்குள்ளே காலை அகட்டி வைத்துத் தொங்கிக்கொண்டிருக்கிற அந்தச் செல்கள் இனிமேல் விழுந்தால் எனக்குத் தெரியாது. கத்திக்கொண்டிருந்தவர்களின் வாயை அடைத்துவிட்டு நான் சிரித்துக்கொண்டு புடவை விற்றிருக்கிறேன்.

மறுநாள் ஆடி வெள்ளி. உசிலம்பட்டியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்திருந்தார்கள், பெண்ணும் தாயும் அத்தைமார்களுமாக. மாம்பழ நிறத்தில் அரக்குப் பார்டர் வேண்டும் என்றார்கள். இரண்டு மணி நேரம் எடுத்துப் போட்டேன், மடித்தேன், எடுத்துப் போட்டேன். வழக்கமாகக் கிள்ளி வருகிற நேரம் வந்தது. என் முதுகு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்து பல வருடம் ஆகிறது. எங்கள் கடை சட்டத்தை மதிக்கிற கடை. கவுண்டருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் புடவை அடுக்கியிருக்கும். என் நாற்காலியில் இருந்த இருபது புடவைகளை அள்ளித் தரையில் வைத்தேன். உட்கார்ந்தேன்.

இத்தனை வருடத்தில் அந்த மாடியை நான் அந்த உயரத்திலிருந்து பார்த்ததில்லை. எல்லோருடைய இடுப்பும் தெரிந்தது.

“என்னம்மா, முடியலையா?” என்று பெண்ணின் தாய் கேட்டாள்.

“நல்லா முடியுதும்மா. அந்த மூணாவது புடவைய இங்கிட்டுத் தள்ளுங்க, விரிச்சுக் காட்டுறேன்.”

அவள் தள்ளினாள். உட்கார்ந்தபடியே விரித்தேன். பட்டு நிறம் மாறவில்லை. பக்கத்துக் கவுண்டர் மரியபுஷ்பம் கண்ணை உருட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். சின்னப் பெண், சர்க்கரை கிர்க்கரை எதுவும் கிடையாது.

“புஷ்பம், கஸ்டமருக்கு வச்சிருக்கிற கேன்ல இருந்து ஒரு சொம்பு தண்ணி கொண்டாடி.”

“வர்ணக்கா, கேமரா இருக்கு.”

“நல்லாத் தெரியுறாப்புல கொண்டா.”

கொண்டு வந்தாள். அண்ணாந்து முழுச் செம்பையும் குடித்தேன். புஷ்பம் தன் கவுண்டருக்குப் போனாள். அவள் நாற்காலியிலிருந்து புடவைகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின.

குருபாதம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

“என்ன வர்ணம், மறுபடியும் வலியா? அந்தப் பய சரியா அமத்தலையா?”

“வலி இல்ல சார்.”

“கொஞ்சங்கூடவா?”

“துளிகூட இல்ல.”

“பின்ன எதுக்கு உக்காந்திருக்க? எந்திரி. முதலாளி பாத்தாருன்னா உன் வேலையும் போகும், என் வேலையும் போகும்.”

“வலிக்கலைன்னுதான் சார் உக்காந்திருக்கேன்” என்றேன். சத்தமாகவே சொன்னேன், உசிலம்பட்டிக்காரர்கள் கேட்டாலும் கேட்கட்டும் என்று. “உள்ள சாகுறது இன்னும் செத்துக்கிட்டுத்தான் இருக்கு. முன்னாடி அது கத்துச்சு, நான் நின்னேன். நேத்தோட அது கத்துறத நிறுத்திட்டீங்க. இனிமே அதுக்காக நான்தான் பாத்து உக்காரணும். எங்க அக்காவுக்கு ஒரு நாளும் வலிச்சதில்ல. அவ வாரம் மூணு நாளு படுத்தே கெடக்கா. நான் எந்திரிக்க மாட்டேன். வேலைய விட்டு அனுப்புறதுன்னா இதே நாக்காலியோட கீழ தூக்கிட்டுப் போங்க.”

குருபாதத்தின் வலது கை மெதுவாகப் பின்னால் போனது. இடுப்புக்கு மேலே, முதுகுப் பக்கமாக ஓர் இடத்தில் விரல்களை வைத்து அழுத்தினார். அந்த இடம் எனக்குத் தெரியும். கிள்ளி வைத்தவர்களுக்குத்தான் அந்த இடம் அவ்வளவு சரியாகத் தெரியும்.

“எனக்கும் வலிக்கலையே வர்ணம்” என்றார். அவர் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது. “மேனேஜர் ஆக்குன அன்னிக்கே அமத்திட்டாய்ங்க. மூணு வருசமா ஒண்ணுமே வலிக்கல.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு மனுஷர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. எழுந்து திட்ட வேண்டிய ஆள் யாரும் அந்த மாடியில் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. திட்ட வேண்டிய ஆள் ஏழாவது மாடியில் ஏசி அறையில் மெத்தை நாற்காலியில் இருந்தார்.

கையை நீட்டி அடுத்த நாற்காலியிலிருந்த புடவைகளைத் தள்ளிவிட்டேன். காஞ்சிபுரம் பட்டு சரசரவென்று தரையில் சரிந்தது. குருபாதம் அதைக் குனிந்து எடுக்கப் போனார், பழக்கம். பாதியில் நிறுத்திவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். புஷ்பம் அவருக்கும் ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வந்தாள். அவர் குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது.

அவர் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. முதலாளியின் குரல்.

“குருபாதம்! மூணாவது மாடியில என்னய்யா நடக்குது? கேமராவுல கவுண்டருக்கு மேல ஒரு தலையும் காணோம்?”

உசிலம்பட்டிப் பெண் மாம்பழ நிறப் புடவையைக் கையில் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவுண்டர் கவுண்டராக நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. குருபாதம் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தினார்.

“உக்காந்திருக்கோம், முதலாளி” என்றார்.